சொந்த சர்வரில் குழுவுக்கு ஒரு வேலைப்பலகை: கான்போர்டு நிறுவும் முழு வழிகாட்டி

எங்கள் குழுவில் எட்டுப் பேர். விழா மலர், கையேடு, அழைப்பிதழ் எல்லாம் வடிவமைத்து அச்சுக்கு அனுப்புவதுதான் தொழில். கொஞ்ச காலம் முன்புவரை எங்களுக்கு வேலை நிர்வாகம் என்றால் ஒரு வாட்சப் குரூப். "அண்ணே, அந்த 24 பக்க மலருக்குக் கடைசி ஃபைல் எது?" என்று ஒருவர் கேட்பார். பதில் வருவதற்குள் நாற்பது மெசேஜ் ஏறியிருக்கும், அதில் பத்து 'குட் மார்னிங்' படம். ஒருநாள் மெய்ப்பு திருத்தாத பிரதி அச்சுக்குப் போய், ஐந்நூறு காப்பி பழைய பேப்பர் கடைக்குப் போயிற்று. அதற்கப்புறம்தான் எந்த வேலை யார் கையில், எந்தக் கட்டத்தில் என்று திரையில் காட்டும் ஒரு பலகையை ஒழுங்காக வைக்கலாம் என்று உட்கார்ந்தோம்.

ஆன்லைனில் கிடைக்கும் சேவையை எடுத்திருக்கலாமே என்றால், எடுத்திருக்கலாம். ஆனால் ட்ரெல்லோ என்ற ஆன்லைன் பலகைச் சேவையின் இலவசத் திட்டத்தில் 2024 முதல் ஒரு பணியிடத்துக்குப் பத்துப் பேர்தான். எட்டுப் பேரோடு வெளியிலிருந்து மெய்ப்புப் பார்ப்பவர்கள், ஓவியர்கள் எனச் சேர்த்தால் எங்களுக்கு அது தாண்டிவிடும். ஜிரா என்ற வேலை நிர்வாக மென்பொருளைச் சொந்த சர்வரில் வைத்திருந்த சிறு குழுக்களுக்கோ, 2024 பிப்ரவரியோடு அந்த சர்வர் பதிப்புக்கான ஆதரவே நின்றுபோனது. அடுத்தவர் வீட்டு மாடியில் குடியிருந்தால் வாடகையும் விதியும் அவர் சொல்வதுதான்.

அதனால் கான்போர்டு என்ற மென்பொருளைச் சொந்த சர்வரில், அதாவது எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் நம் பொறுப்பிலுள்ள கணினியில், வைத்தோம். சொந்த சர்வர் என்றால் இலவசம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பணம் குறையும், பொறுப்பு கூடும். இராத்திரி பதினோரு மணிக்கு இது விழுந்தால் யார் எழுந்து பார்ப்பது? இந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு பெயர் இல்லாவிட்டால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். மாதச் சந்தா கட்டிவிடுங்கள். எங்கள் குழுவில் அந்தப் பெயர் என்னுடையது. கீழே வரும் முடிவுகள் எல்லாமே அதை மனதில் வைத்து எடுத்தவை.

எந்த மென்பொருள்?

ஓப்பன்ப்ராஜெக்ட் பெரிய ஆள். கேன்ட் வரைபடம் (வேலைகளைக் காலவரிசைக் கோடுகளாகக் காட்டுவது), நேரக் கணக்கு, பட்ஜெட் எல்லாம் உண்டு. ஆனால் குறைந்தது 4 ஜிபி ரேம் கேட்கும். கட்டடத் திட்டம், பல மாத ஒப்பந்தம் போன்ற வேலை என்றால் அதைப் பாருங்கள். 2006 முதல் இருக்கும் ரெட்மைன் நம்பகமான பழைய வண்டி, மென்பொருள் எழுதுபவர்களுக்குக் கச்சிதம். எங்கள் ஓவியர் அதன் முகப்பைப் பார்த்துவிட்டு "இது பேங்க் ஃபாரம் மாதிரி இருக்கே" என்றார். விகுன்யா, டைகா, லியாண்டைம், பிளேன் என்று இன்னும் நிறைய உண்டு.

நாங்கள் எடுத்தது கான்போர்டு. பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது, எம்ஐடி உரிமம் (யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், மாற்றலாம்), தரவுத்தளம் எஸ்க்யூலைட் என்ற ஒற்றைக் கோப்பு. 1 ஜிபி ரேம் உள்ள சின்ன சர்வரிலேயே ஓடும். ஒரு பலகை, அதில் வேலையின் கட்டங்களாக நெடுக்குப் பத்திகள், பத்திகளில் வேலைக்கு ஒன்றாகக் கார்டுகள்; பெரும்பாலும் அவ்வளவுதான். அதன் ஆசிரியர் இதைப் 'பராமரிப்பு நிலை'யில் வைத்திருப்பதாக வெளிப்படையாகவே சொல்கிறார். புதுப்புது வசதிகள் குவியாது, திருத்தங்கள் வரும். பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். இராத்திரி எழுந்து பார்க்க வேண்டிய ஆளுக்கு இது வரம். மாதாமாதம் முகம் மாறும் மென்பொருளைக் கட்டி மேய்க்க என்னால் ஆகாது.

சர்வர் எங்கே?

அலுவலகத்தில் சும்மா கிடக்கும் கணினியில் வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வைக்கலாம், இரண்டு தடங்கல் உண்டு. ஒன்று மின்சாரம்: யூபிஎஸ் இல்லாமல் கரண்ட் போய்ப் போய் வந்தால் தரவுத்தளக் கோப்புக்கு நல்லதல்ல. இரண்டு, பிராட்பேண்ட் இணைப்புகள் பலவற்றில் உங்களுக்கென்று தனி பொது ஐபி முகவரி கிடைக்காது. வெளியிலிருந்து பலகையைத் திறக்க டெய்ல்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன் (இணையத்தின் வழியே போகும் தனிப்பட்ட பாதை) போட வேண்டிவரும். எல்லோரும் ஒரே கட்டடத்தில் உட்கார்பவர்கள் என்றால் அந்த அலுவலகக் கணினியே போதும், பாதுகாப்பும் கூட.

வெளியாட்களும் நுழைய வேண்டும் என்பதால் நாங்கள் வாடகைக்கு ஒரு விபிஎஸ் (ஒரு நிறுவனத்தின் பெரிய கணினியில் நமக்கென்று பிரித்துத் தரும் பகுதி) எடுத்தோம். 1 சிபியு, 1 ஜிபி ரேம், 25 ஜிபி வட்டு. அதில் உபுண்டு லினக்ஸின் 24.04 எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுள்ள) பதிப்பு, இதற்கு 2029 வரை வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். ரேம் குறைவு என்பதால் 2 ஜிபி ஸ்வாப் கோப்பு (ரேம் நிறைந்தால் வட்டில் இடம் தருவது) ஒன்றும் போட்டுவிடுங்கள்.

இனி வரும் கட்டளைகளை வாயால் சொல்வதுபோலத் தமிழிலேயே எழுதுகிறேன். டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னல்) ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

படி 1: கதவைப் பூட்டுவது

சர்வர் கைக்கு வந்ததும் 'ரூட்' என்ற முழு அதிகாரக் கணக்கு அல்லாத ஒரு பயனரை உருவாக்கி, அவருக்கு சுடோ உரிமை (தேவைப்படும்போது மட்டும் ரூட்டின் அதிகாரம்) கொடுங்கள். உங்கள் கணினியில், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவி ஒன்றை உருவாக்கி, அதன் பொதுப் பாதியை சர்வரில் ஏற்றுங்கள். அப்புறம் கடவுச்சொல்லால் நுழைவதை முடக்க வேண்டும். அதற்கு முன் இப்போது திறந்திருக்கும் டெர்மினலை மூடாமல், இரண்டாவது ஜன்னலில் சாவியால் நுழைய முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் மட்டும் முடக்குங்கள். இந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டு, வீட்டுக்கு வெளியே நின்று கதவைத் தட்டியவர்களில் நானும் ஒருவன்.

உபுண்டுவின் யுஎஃப்டபிள்யு ஃபயர்வாலில் (வெளியார் நுழைவதைத் தடுக்கும் காவல்) 22 (எஸ்எஸ்எச்), 80, 443 (இணையப் பக்கம்) ஆகிய மூன்று போர்ட்டுகளை, அதாவது எண்ணிட்ட வாசல்களை, மட்டும் திறந்து, அதை இயக்குங்கள்.

படி 2: டொமைன்

உங்களிடம் இருக்கும் டொமைனில் (இணைய முகவரிப் பெயர்) 'போர்டு' அல்லது 'பலகை' என்று ஒரு துணைப்பெயர் வைத்து, அதன் டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபி எண்ணோடு இணைக்கும் பட்டியல்) சர்வரின் ஐபியைக் காட்டும் ஏ ரெக்கார்டு ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். இது பரவக் கொஞ்ச நேரம் எடுக்கும், அதனால் முதலிலேயே செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம்.

படி 3: டாக்கரும் கான்போர்டும்

டாக்கர் என்பது ஒரு மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்து 'கன்டெய்னர்' என்ற தனிப்பெட்டியில் ஓட்டும் கருவி. அதை அதன் அதிகாரப்பூர்வ ரெப்பாசிட்டரியிலிருந்து (மென்பொருள் கிடங்கு) போடுங்கள். உபுண்டு சர்வரை நீங்களே நிறுவினால், அப்போதே 'ஸ்னாப்' என்ற தொகுப்பு வடிவில் டாக்கர் வேண்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஸ்னாப் டாக்கரால் எல்லாக் கோப்புறைகளையும் தொட முடியாது, பின்னால் தலைவலி.

'ஆப்ட்' கோப்புறைக்குள் 'கான்போர்டு' என்று ஒரு கோப்புறை, அதற்குள் 'டேட்டா', 'பிளகின்ஸ்' என்று இரண்டு. பக்கத்திலேயே காம்போஸ் கோப்பு, அதாவது டாக்கர் எதை எப்படி ஓட்ட வேண்டும் என்று எழுதும் கோப்பு. அதில் ஒரே ஒரு சர்வீஸ்தான், ஆனால் நான்கு வரிகளைக் கவனித்து எழுத வேண்டும்.

இமேஜ் வரியில் கான்போர்டின் அதிகாரப்பூர்வ இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் ஆயத்தப் பொதி). கடைசியில் 'லேட்டஸ்ட்' என்று எழுதாமல், அன்றைக்கு வந்திருக்கும் பதிப்பின் எண்ணைக் குறிப்பாக எழுதுங்கள். இல்லையென்றால் என்றைக்கோ ஒருநாள் மறுபடி இழுக்கும்போது உங்களுக்குத் தெரியாமலே பதிப்பு மாறிவிடும்.

ரீஸ்டார்ட் வரியில் 'அன்லெஸ் ஸ்டாப்டு'. சர்வர் அணைந்து எழுந்தால் பலகையும் தானாக எழும்.

வால்யூம் (தரவு சேரும் இடம்) வரிகளில், நீங்கள் உருவாக்கிய டேட்டா கோப்புறையைக் கன்டெய்னருக்குள் இருக்கும் கான்போர்டின் டேட்டா இடத்தோடு இணையுங்கள், பிளகின்ஸையும் அப்படியே. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் டாக்கரே தன் வசம் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வால்யூம்தான் இருக்கும். அதில் ஆபத்து என்னவென்றால், 'டாக்கர் காம்போஸ் டவுன்' என்று அடிக்கும்போது கை தவறி 'மைனஸ் வி' சேர்ந்துவிட்டால் வால்யூமும் போச்சு, தரவும் போச்சு. சொந்தக் கோப்புறை என்றால் அந்த வினை இல்லை. கண்ணுக்கு நேரே இருக்கும், காப்பி எடுப்பதும் சுலபம்.

போர்ட்ஸ் வரிதான் எல்லாவற்றிலும் முக்கியம். பலர் 8080:80 என்று எழுதுவார்கள் (முதல் எண் சர்வரின் போர்ட், இரண்டாவது கன்டெய்னருக்குள் இருப்பது). நீங்கள் 127.0.0.1:8080:80 என்று எழுதுங்கள். காரணம், டாக்கர் திறக்கும் போர்ட் யுஎஃப்டபிள்யு ஃபயர்வாலைக் கேட்காமலே வெளியே போய்விடும். நீங்கள் 8080ஐ மூடியிருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், உலகத்துக்கே திறந்திருக்கும். முன்னால் 127.0.0.1 போட்டால் சர்வருக்குள்ளிருந்து மட்டுமே எட்டும். நம்பாதீர்கள், சோதித்துப் பாருங்கள்: கைப்பேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் சர்வர் ஐபியோடு 8080 சேர்த்துத் திறந்து பாருங்கள். திறக்கக் கூடாது.

இந்தக் கோப்பில் இடைவெளிகளுக்கு டேப் விசை ஆகாது, ஸ்பேஸ்தான். 'டாக்கர் காம்போஸ் அப் மைனஸ் டி' என்று அடித்தால் ஒரு நிமிடத்தில் ஓடத் தொடங்கும்.

படி 4: கேடி

பெயரைக் கேட்டதும் நமக்கு வேறு மாதிரி ஆள் நினைவுக்கு வரும். இது நல்ல பையன். கேடி என்பது ஒரு வெப் சர்வர்; வெளியிலிருந்து வரும் கோரிக்கையை வாங்கி உள்ளே 8080இல் இருக்கும் கான்போர்டுக்குக் கொடுக்கும். இதை டாக்கருக்குள் அல்லாமல் சர்வரிலேயே நேராக நிறுவுங்கள். இணைப்பைப் பாதுகாக்கும் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவச அமைப்பிடம் வாங்குவது, 90 நாள் ஆயுள் தீரும் முன் புதுப்பிப்பது எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும். அதன் அமைப்புக் கோப்பில் உங்கள் டொமைன் பெயர், அடைப்புக்குள் 'ரிவர்ஸ் பிராக்ஸி லோக்கல்ஹோஸ்ட் 8080' என்று ஒரு வரி. மறுபடி ஏற்றினால் பூட்டுப் படத்தோடு பலகை திறக்கும். திறக்காவிட்டால் முக்கால்வாசி நேரம் டிஎன்எஸ் இன்னும் பரவவில்லை என்று அர்த்தம், அல்லது விபிஎஸ் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் தனியாக இன்னொரு ஃபயர்வால் இருக்கும். அங்கேயும் 80, 443 இரண்டையும் திறக்க வேண்டும்.

படி 5: உள்ளே நுழைந்தவுடன்

முதல் பயனர் பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின். இது ஊருக்கே தெரிந்த ரகசியம். டீ குடிக்கப் போகும் முன் மாற்றிவிடுங்கள், அப்படியே இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.

அப்புறம் செட்டிங்ஸ். அப்ளிகேஷன் யூஆர்எல் என்ற இடத்தில் உங்கள் முழு முகவரியைக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் மெயிலில் வரும் அறிவிப்புகளில் கார்டுக்கான இணைப்பு இருக்காது. நேர மண்டலத்தை ஏசியா/கொல்கத்தா என்று மாற்றுங்கள். இல்லையென்றால் எல்லா நேரமும் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டும். கார்டின் தலைப்பு, விளக்கம், குறிப்பு எதிலும் தமிழ் தாராளமாக வரும். எங்கள் பலகையில் பத்திப் பெயர்கள் எல்லாமே தமிழ்தான்.

படி 6: மெயில்

இந்தப் படியில்தான் ஒரு சனிக்கிழமை முழுதாகப் போனது. பலகையின் அறிவிப்புகளைச் சர்வரிலிருந்து நேராக மெயிலாக அனுப்ப முயலாதீர்கள். கிளவுட் நிறுவனங்கள் பல, மெயில் போகும் 25ஆம் போர்ட்டை மூடியே வைத்திருக்கும், சில இடங்களில் 587உம் மூடியிருக்கும். தப்பிப் போனாலும் ஸ்பாம் பெட்டியில்தான் விழும். மெயில் அனுப்பித் தரும் சேவை ஒன்றை எடுத்து, அவர்கள் சொல்லும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை (மெயில் போலி அல்ல என்று காட்டுபவை) டொமைனில் சேருங்கள். 587 மூடியிருந்தால் 2525 போர்ட் தருகிறார்களா என்று பாருங்கள். சின்னக் குழுவுக்கு ஜிமெயிலே போதும். ஆனால் வழக்கமான கடவுச்சொல் செல்லாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்டு' உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

இந்த விவரங்களைக் கான்போர்டின் கன்ஃபிக் கோப்பில் எழுதி, அதை டேட்டா கோப்புறைக்குள் வைத்து, கன்டெய்னரை ஒருமுறை அணைத்து எழுப்புங்கள். அப்படியும் "எனக்கு மெயிலே வரலை" என்று ஆட்கள் சொல்வார்கள். ஏனென்றால் கான்போர்டில் ஒவ்வொருவரும் தன் சுயவிவரப் பக்கத்துக்குப் போய் அறிவிப்புகளை இயக்கினால்தான் வரும். நான் சர்வரைக் குடைந்துகொண்டிருந்த அந்தச் சனிக்கிழமையில் பாதி, இந்த ஒரு டிக்கில்தான் போனது.

படி 7: பலகையை அமைப்பது

தொழில்நுட்பம் இத்தோடு ஏறக்குறைய முடிந்தது. இதற்கு மேல்தான் உண்மையான வேலை.

புதுத் திட்டம் ஒன்று தொடங்கினால் நான்கு பத்திகளை அதுவே வைத்துத் தரும். அவற்றை அப்படியே விடாதீர்கள். உங்கள் வேலை கைமாறும் இடங்கள் எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள், அவைதான் பத்திகள். எங்களுடையவை: வந்தது, வடிவமைப்பு, மெய்ப்பு, வாடிக்கையாளர் ஒப்புதல், அச்சில், கொடுத்தாயிற்று. முதலில் பதினொரு பத்தி வைத்திருந்தோம். எந்தக் கார்டு எங்கே என்று தேடுவதற்கு வாட்சப்பே தேவலை என்று ஆகிவிட்டது.

பத்திக்கு உச்சவரம்பு வைக்கலாம். எங்கள் மெய்ப்புப் பத்திக்கு நான்கு. ஐந்தாவது கார்டு வந்தால் பத்தி சிவப்பாகும், ஆனால் தடுக்காது. அந்தச் சிவப்பு போதும். மெய்ப்புப் பார்க்கும் அக்கா ஒரு வார்த்தையும் பேசாமல் திரையைத் திருப்பிக் காட்டுவார். வடிவமைப்பாளர்களில் ஒருவர் எழுந்து வந்து ஒரு மெய்ப்பைக் கையில் எடுத்துக்கொள்வார்.

ஒரு கார்டு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எங்கள் பலகையிலிருந்து ஒன்று. தலைப்பு: 'கோயில் கும்பாபிஷேக மலர், 24 பக்கம், நான்கு வண்ணம்'. பொறுப்பு ஒரே ஒருவர். இரண்டு பேர் என்றால் யாருமில்லை என்று அர்த்தம். கெடு தேதி விழா நாள் அல்ல, அச்சகத்துக்குப் போக வேண்டிய நாள். துணைப்பணிகள் மூன்று: அட்டை, உள்பக்கம், விளம்பரப் பக்கங்கள். விளக்கத்தில் கடைசிக் கோப்பு இருக்கும் இடத்தின் இணைப்பு. பெரிய வடிவமைப்புக் கோப்புகளைக் கார்டிலேயே ஏற்ற வேண்டாம். 25 ஜிபி வட்டு கண்மூடித் திறப்பதற்குள் நிரம்பும், பேக்கப்பும் வீங்கும்.

தானியங்கிச் செயல்கள் என்று ஒரு பகுதி உண்டு. அதில் இரண்டு போதும்: கார்டு 'கொடுத்தாயிற்று' பத்திக்கு வந்தால் தானே மூடிக்கொள்வது, மெய்ப்புப் பத்திக்கு வந்தால் அக்கா பெயருக்குத் தானே மாறுவது. ஆசைப்பட்டு இருபது வைத்தால், கார்டு ஏன் நகர்ந்தது என்று யாருக்கும் தெரியாத நிலை வரும்.

உரிமைகளில் தாராளம் வேண்டாம். அட்மின் இரண்டு பேர் மட்டும். திட்டத்துக்குள் மேலாளர், உறுப்பினர், பார்வையாளர் என்று மூன்று நிலை உண்டு. வெளியாட்களுக்கு அவர்கள் சம்பந்தப்பட்ட திட்டத்தில் மட்டும் இடம் கொடுங்கள்.

ஆட்களை வர வைப்பது

பழைய வேலைகளை எல்லாம் ஏற்றிக்கொண்டிருக்காதீர்கள். இப்போது கையில் ஓடுவதை மட்டும் ஏற்றுங்கள். எங்களுக்கு அது பத்தொன்பது கார்டு, ஒரு மணி நேர வேலை. வாட்சப்பை ஒழிக்கவும் முயலாதீர்கள், அது நடக்காது. பேச்சு அங்கேயே நடக்கட்டும், முடிவு கார்டுக்கு வரட்டும். முதல் இரண்டு வாரம் யார் என்ன கேட்டாலும் நான் சொன்ன ஒரே பதில், "கார்டு எங்கே தம்பி?" கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது அவர்களுக்கு. காலையில் பத்து நிமிடம் பலகையைப் பெரிய திரையில் போட்டு, வலது ஓரத்திலிருந்து இடப்பக்கமாகப் பார்த்து வந்தோம். முடியப்போகும் வேலையை முதலில் பேசினால்தான் முடியும். புது வேலையில் தொடங்கினால் பத்து நிமிடம் அதிலேயே கரைந்துவிடும்.

படி 8: பேக்கப், அதைவிட முக்கியமாக மீட்பு

டேட்டா கோப்புறைக்குள் தரவுத்தளக் கோப்பு ஒன்று, இணைப்புகள் இருக்கும் கோப்புறை ஒன்று. இரண்டும் சேர்ந்ததுதான் உங்கள் பலகை. ஓடிக்கொண்டிருக்கும் எஸ்க்யூலைட் கோப்பைச் சும்மா காப்பி எடுத்தால், எழுதிக்கொண்டிருந்த பாதியில் மாட்டிய பிரதி கிடைக்கலாம். எஸ்க்யூலைட்டுக்கே சொந்தமான பேக்கப் கட்டளையைப் பயன்படுத்துங்கள். அல்லது எங்களைப்போல எளிதாக, கன்டெய்னரை நிறுத்தி, கோப்புறையைச் சுருக்கி, மறுபடி எழுப்பும் நாலு வரி ஸ்கிரிப்ட். சில விநாடிதான் ஆகும். அதைக் கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் வசதி) போடும்போது ஒன்று: சர்வர் கடிகாரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடினால், நீங்கள் வைத்த அதிகாலை மூன்று மணி இங்கே காலை எட்டரை. குழு வேலை தொடங்கும் நேரத்தில் பலகை அணைந்து எழும்.

சுருக்கிய கோப்பு அதே சர்வரில் கிடந்தால் அது பேக்கப் ஆகாது. ரெஸ்டிக் என்ற கருவி கோப்புகளைப் பூட்டி வேறு இடத்துக்கு அனுப்பும், பழைய பிரதிகளைக் கணக்காக வைத்துக்கொள்ளும். அதன் கடவுச்சொல் தொலைந்தால் பேக்கப்பும் தொலைந்தது.

எங்கள் ஸ்கிரிப்ட் நான்கு மாதம் தினமும் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் சும்மா இருக்கட்டும் என்று ஒரு பிரதியைத் திறந்து பார்த்தேன். காலிக் கோப்புறை. பாதையில் ஓர் எழுத்துப் பிழை. நான்கு மாதமாகக் காற்றைச் சுருக்கி பத்திரமாக வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம். நல்லவேளை, அதுவரை சர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பேக்கப்பை மடிக்கணினிக்கு இறக்கி, அதே காம்போஸ் கோப்பால் எழுப்பி, நேற்றைய கார்டு ஒன்றைத் திறந்து பார்ப்பது வழக்கம்.

பதிப்பு உயர்த்துவதும் இதோடு சேர்ந்ததுதான். வெளியீட்டுக் குறிப்பைப் படியுங்கள், பேக்கப் எடுங்கள், காம்போஸ் கோப்பில் எண்ணை மாற்றுங்கள், இழுத்து எழுப்புங்கள். தரவுத்தளத்தைக் கான்போர்டே மாற்றிக்கொள்ளும். பிரச்சினை வந்தால் எண்ணை மட்டும் பழையபடி மாற்றினால் போதாது. மாறிவிட்ட தரவுத்தளத்தைப் பழைய பதிப்பு ஏற்காமல் போகலாம். எடுத்து வைத்த பேக்கப்பையும் சேர்த்துத் திருப்ப வேண்டும்.

படி 9: ஒரு தாள்

சர்வர் எந்த நிறுவனத்தில், கணக்கு எந்த மெயிலில், பணம் எந்தத் தேதியில் பிடிக்கும், டொமைன் எப்போது புதுப்பிக்க வேண்டும், எஸ்எஸ்எச் சாவியின் பிரதி எங்கே, ரெஸ்டிக் கடவுச்சொல் என்ன, மீட்க என்னென்ன கட்டளை: இத்தனையையும் ஒரே தாளில் எழுதி உறையிலிட்டு, கடைச் சாவி இருக்கும் இடத்தில் வையுங்கள். பிறகு இரண்டாவது அட்மினை உட்கார வைத்து, நீங்கள் பக்கத்தில் நின்று வாய் திறக்காமல், அந்தத் தாளை மட்டும் பார்த்து மடிக்கணினியில் பலகையை எழுப்பச் சொல்லுங்கள். எங்கள் தம்பி முதல் தடவை மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டான். நான் கோப்புறையின் பெயரை எழுத மறந்திருந்தேன். தாளைத் திருத்தினோம். இரண்டாவது தடவை நாற்பது நிமிடத்தில் எழுப்பிவிட்டு, "சரிண்ணே, இனிமே நீங்க ஊருக்குப் போகலாம்" என்றான்.